பியூலாவின் கெண்டைக்கால்

ஜனவரி 2

கம்பெனி கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் சொந்த விவரங்கள் கேட்டிருக்கிறார்கள். பெயர்: செல்வின். தொழில்: காப்பீட்டு முகவர். ஊர்: தூத்துக்குடி. கீழே ‘சிறப்புத் தகுதி’ என்று ஒரு கட்டம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கான்ஸ்டபிள் பியூலாவின் கணவன்’ என்று எழுதினேன். ஷெரின் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இதெல்லாம் தகுதியா?” என்றாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்.

மார்ச்சில் திருச்சியில் மாநில காவல்துறை விளையாட்டுப் போட்டி. பத்து கிலோமீட்டர் வேகநடையில் பியூலாவின் பெயர் வந்துவிட்டது. போன வருடம் வெள்ளி. இந்த வருடம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்றே பயிற்சி தொடங்கியது. விடியும் முன் துறைமுகச் சாலையில் அவள் நடப்பாள், நான் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போவேன். வேகநடையில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், ஊன்றுகிற முழங்கால் மடங்கக் கூடாது. அதனால் இடுப்பு ஒரு மாதிரி ஆடும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். போன வருடம் ஒருமுறை ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டியே சிரித்தார். பியூலா நேராகப் போய், “இறங்கி என்கூட அந்த போஸ்ட் வரைக்கும் நடந்து காட்டும், அப்புறம் சிரியும்” என்றாள். பாவம், இறங்கிவிட்டார். பாதி தூரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 11

உப்பள வளைவு தாண்டியதும் பியூலா நின்றாள். அவள் நிற்கிற ஆளே இல்லை.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. கெண்டைக்கால் இறுகுது. ஷூ சரியில்ல.”

சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றாள், வலி போய்விட்டது. மறுபடி நடந்தாள், மறுபடி வந்தது. இடது கால். அதே ஷூவில்தான் வெள்ளி வாங்கினாள் என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் வீட்டிலிருந்த எல்லா ஷூவுக்கும் பாலிஷ் போட்டேன். ஷெரினுடையது, என்னுடையது, பழசு எல்லாம்.

ஜனவரி 22

போன வாரம் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாக இருக்கிறது என்றார். தசைப்பிடிப்பாம். தைலம், மாத்திரை, முழங்கால் வரை ஏறுகிற ஒரு இறுக்கமான காலுறை. அதைப் போட்ட நாளிலிருந்து பாதம் மரத்துப்போகிறது என்கிறாள். கழற்றி எறிந்துவிட்டாள்.

பிப்ரவரி 2

தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் சாலையில் பந்தோபஸ்து. பாதயாத்திரைக்காரர்கள் விடிய விடியப் போய்க்கொண்டே இருந்தார்களாம். இவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லையாம். ஒரு பையனைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு ஒரு அம்மா அழ, இவள் வேகமாக நடந்து தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் கால் கல்லாகிவிட்டதாம்.

“நடந்தா வலிக்கு, நின்னா போயிருது. இது என்ன நோய்? நம்புத மாதிரியா இருக்கு?” என்று கேட்டாள்.

“நான் நம்புதேன்” என்றேன்.

“நீங்க நம்பி என்ன செய்ய, ஸ்டேஷன்ல நம்பணும்லா.”

மொச்சைக் குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது.

பிப்ரவரி 10

ஸ்டேஷனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: “பியூலாக்கா மெடல்னா பறப்பா, பந்தோபஸ்துன்னா நொண்டுவா.” சொன்னது மெர்சி என்கிற புதுப் பெண். கதவுக்கு அந்தப் பக்கம் இவள் நின்றது அவளுக்குத் தெரியாது.

இவள் என்ன செய்தாள்? உள்ளே போய், மெர்சியின் ஞாயிற்றுக்கிழமை டூட்டியையும் தானே பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சண்டை போட்டிருக்கலாம். என் மனைவி அப்படிச் செய்ய மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் கலைவாணி மேடம் மட்டும் கூப்பிட்டு, ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார். “ஒரு பாதம் மட்டும் ஏன் வெளுத்திருக்கு? எங்கண்ணனுக்கு ரத்தக்குழாய்ல பிரச்சினை வந்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு” என்று சொல்லி, பாளையங்கோட்டையில் டாக்டர் இப்ராகிம் என்ற ரத்தக்குழாய் அறுவை நிபுணரின் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 18

பாளையங்கோட்டை போய்வந்தோம். விவரமாக எழுத வேண்டும்.

டாக்டர் இப்ராகிமுக்கு வயது நாற்பதுகூட இருக்காது. பியூலாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்கால் மடிப்பில் பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். சத்தம் கேட்டது. வாய்க்கால் மடையில் தண்ணீர் பாய்கிற மாதிரி, விட்டு விட்டு. அவளுடைய ரத்தத்தின் சத்தம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

“இப்ப பாதத்தக் கீழ அழுத்துங்கம்மா. வண்டில பிரேக் மிதிப்பீங்கள்ல, அப்பிடி.”

அழுத்தினாள். சத்தம் நின்றுவிட்டது.

அறையில் ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றார். கேட்காத ஒன்றைக் கேட்டீர்களா என்கிறார். தலையாட்டினேன்.

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு தசைகளுக்கு நடுவில் இறங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது வழி மாறி, கெண்டைக்கால் தசையைச் சுற்றிக்கொண்டு போகும். காலை ஊன்றி உந்தும்போதெல்லாம் தசை அதை நசுக்கும். சாதாரணமாக நடக்கிறவர்களுக்குத் தெரியாமலே போய்விடலாம். பயிற்சி செய்து தசை பலமாக ஆக, நசுக்குவதும் பலமாகும்.

“இவ்வளவு உறுதியான கெண்டைக்கால நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன். அதுதான் இப்ப சிக்கலே” என்றார்.

“மெடல் வாங்கின கால் டாக்டர்” என்றேன். பியூலா என்னை முறைத்தாள்.

அறுவை சிகிச்சை செய்து தசையை விலக்க வேண்டும். வலது காலிலும் அதே அமைப்பு, ஆனால் இன்னும் அவ்வளவு மோசமில்லை. இடது காலில் நசுங்கி நசுங்கிக் குழாயின் உட்சுவர் புண்ணாக ஆரம்பித்துவிட்டது. அங்கே ரத்தம் உறைந்தால் காலுக்கே ஆபத்து. அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றார். பியூலா போட்டி முடியட்டும் என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு, “நான் வேண்டாம்னுதான் சொல்வேன்” என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, “பாதம் திடீர்னு சில்லுன்னு ஆனா, மரத்துப்போனா, ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க. நேரா இங்க வந்துருங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிப்ரவரி 19

இட்லிக்கு மாவு அரைத்தேன். இரண்டு முறை.

பிப்ரவரி 21

இன்று பேசினோம்.

“ஒரே ஒரு தடவ. தங்கம் வாங்கிட்டு நானே வந்து படுத்துருவேன்” என்றாள்.

“டாக்டர் வேண்டாம்னாருல்லா.”

“ஏங்க, ஊருக்கெல்லாம் பாலிசி விக்கிய. ஆபத்து வந்தா என்ன செய்யன்னு சொல்லித் தாறிய. ஆனா ஆபத்து வரும்னு யாரயாவது வீட்டுக்குள்ளயே உக்காரச் சொல்லிருக்கியளா?”

பதினைந்து வருடத் தொழில் அனுபவத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்காத கேள்வி.

“நொண்டுதான்னு சொன்னாவள்லா. இப்ப ஆபரேசன்னு லீவு போட்டா, பாத்தியா பயந்துட்டான்னு சொல்லுவாவ. ஓடிப்போனேன்னு பேரு எனக்கு வேண்டாம்.”

கால் அவளுடையது. இன்று பார்க்க வேண்டிய வாடிக்கையாளர்கள் மூன்று பேர். போகவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 2

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று விடிந்து நேரமான பிறகுதான் பயிற்சிக்குப் போனோம். மெதுவாகத்தான் நடப்பேன் என்று சத்தியம் செய்திருந்தாள். மெதுவாகத்தான் தொடங்கினாள். திரும்புகிற இடத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது, தோள் நிமிர்ந்துவிட்டது. என்ன வேகம். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. நிறுத்து என்று கத்தியிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு அழகாக இருந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில் தடுமாறினாள். விழவில்லை. கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டு, “ஏங்க, எங்காலு எங்க இருக்குன்னே தெரியல” என்றாள்.

ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். பாதம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன். நான் அழுத்திப் பிடித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

“ஒண்ணுமில்ல, குளிரு” என்றேன். மார்ச் மாதத்தில், தூத்துக்குடியில்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “மேடம், பியூலா பேசுதேன். எங்காலுக்கு ரத்தம் போறது நின்னுட்டு. பாளையங்கோட்டைக்குப் போவணும். ஒரு கார் வேணும்.” எங்கே நிற்கிறோம் என்பதையும் சொல்லி வைத்தாள். எப்.ஐ.ஆர். எழுதுகிற மாதிரி, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கார் வந்தது. கலைவாணி மேடமே முன்சீட்டில். ஊருக்குள் பள்ளிக்கூட நேர நெரிசல் தொடங்கியிருந்தது. பெரிய சிக்னலில் ஒரு பெண் போலீஸ் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து நாலு பக்க வண்டியையும் நிறுத்தி வைத்திருந்தாள். எங்கள் கார் கடந்தபோது சல்யூட் அடித்தாள். மெர்சி.

பியூலா அப்போதும், “நீங்க சீட் பெல்ட் போடல” என்றாள் என்னிடம்.

டாக்டர் இப்ராகிம் தயாராக இருந்தார். பாதத்தில் கருவியை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. உறைந்த ரத்தம் குழாயை அடைத்துவிட்டது, உடனே திறக்க வேண்டும் என்றார்.

“கால் போயிருமா டாக்டர்?” அவளேதான் கேட்டாள்.

“சரியான நேரத்துல வந்திருக்கீங்க. போகாம பாக்கத்தான் நான் இருக்கேன்.”

நர்ஸ் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். பியூலா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். “எங்காலுக்கு நான் கையெழுத்துப் போடுதேன். அவ்வொ கீழ சாட்சி போடட்டும்.” போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல நேராக இருந்தது. என்னுடையது கொஞ்சம் கோணிவிட்டது. பேனா சரியில்லை.

பிறகு உள்ளே கொண்டுபோனார்கள். தசையை விலக்கி, அடைப்பை எடுத்து, புண்ணான குழாயை விட்டுவிட்டு, அவள் தொடையிலிருந்தே ஒரு ரத்தநாளத்தை எடுத்து மாற்றுவழி வைத்துத் தைத்திருக்கிறார்கள். நான் வராந்தாவில் இருந்த நாற்காலிகளை எல்லாம் ஒரே வரிசையாக நகர்த்தி வைத்தேன். வாட்ச்மேன் நன்றி சொன்னார்.

டாக்டர் வெளியே வந்து, “ரத்தம் ஓடுது” என்றார். எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 3

பெருவிரல் அசைந்தது.

மார்ச் 7

ஷெரினை அழைத்துவந்தேன். டாக்டர் கைக்கருவியைப் பாதத்தில் வைத்து அவளுக்கும் சத்தத்தைக் கேட்க வைத்தார். “அம்மா காலுக்குள்ள கடல் இருக்கு” என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மார்ச் 14

இன்று திருச்சியில் போட்டி. பியூலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கலைவாணி மேடம் அனுப்பிய வீடியோவைப் பார்த்தாள். தங்கம் வாங்கியது தென்காசிப் பெண் இசக்கியம்மாள். போன வருடம் வெண்கலம்.

பியூலா முழுவதையும் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிப் பேசினாள். “நல்லா நடந்தட்டி. ஆனா கடைசி சுத்துல உன் தோள் ஏறிட்டு, அதப் பாத்துக்கோ. அடுத்த தடவ நான் பக்கத்துல இருப்பேன்லா.”

போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஆரஞ்சு உரித்தேன். அவள் திரும்பும்வரை உரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு பேரும் தின்றோம்.

ஏப்ரல் 5

வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகப் போகிறது. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கிறாள். கை கொடுத்தால் தட்டிவிடுகிறாள்.

மெர்சி வந்தாள். கையில் மக்ரூன் பொட்டலம். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். “அக்கா, நான் அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்...”

“சொன்னா என்ன? எனக்கே நம்ப முடியாத நோயி, உனக்கு எப்பிடித் தெரியும்? உள்ள வா. சிக்னல்ல நீ கைய விரிச்ச பாத்தியா, கை முட்டி மடங்கிட்டு. டிரெயினிங்ல என்ன படிச்ச?”

மெர்சி அழுகையோடு சிரித்தாள். மக்ரூனில் பாதியை அவளே சாப்பிட்டாள்.

காக்கி உடுப்பை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டேன். விடுப்பு முடிய இன்னும் நாளிருக்கிறது. பெட்டியிலேயே கிடந்தால் பூச்சி வரும்.

மே 20

வலது கால் அறுவை சிகிச்சை முடிந்தது. இந்த முறை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் காலில் வலியே இல்லை. அவளே ஸ்டேஷனுக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டு, “ரெண்டு கால்லயும் ஒரே கோளாறுதான். இதயும் சரி பண்ணிட்டு வாரேன். லீவுல எங்க போனேன்னு யாரும் யோசிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மாற்றுவழி தேவைப்படவில்லை, தசையை மட்டும் விலக்கினார்கள். பிப்ரவரியில் ஓடிப்போனேன்னு பேர் வேண்டாம் என்றவள் இவள்தான். இரண்டும் ஒரே தைரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டரிடம் நான், “மறுபடி போட்டிக்கு நடக்கலாமா?” என்று கேட்டேன். கேட்டது பியூலா அல்ல, நான். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவசரமில்லாமல், பரிசோதனைக்கு வந்துகொண்டே, வலி வந்தால் அந்த நொடியே நிற்பதாக இருந்தால் நடக்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 8

டூட்டியில் சேர்ந்து ஒரு மாதம். உட்கார்ந்து எழுதுகிற வேலை தருகிறேன் என்றார் கலைவாணி மேடம். டாக்டர் சொன்ன தேதி வரை ஒத்துக்கொண்டாள். அந்தத் தேதிக்கு மறுநாள் போக்குவரத்துக்குப் போய் நின்றாள்.

இன்று மறுபடி துறைமுகச் சாலையில் நடை. இடது கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் நீளத் தழும்பு, வளைந்து கிடக்கிறது. முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். “எதுக்கு? நான் என்ன திருடிட்டா வந்தேன்?” என்றாள்.

இரண்டு முறை நின்றாள். வலித்ததா என்று கேட்டேன். “இல்ல, வலிக்கான்னு பாத்தேன்” என்றாள். என்னைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

அக்டோபர் 27

மழை. நடக்கவில்லை. மாடிப் படியில் ஏறி இறங்கினாள். புது வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தார். அவரிடம் பியூலாவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன் போலிருக்கிறது.

டிசம்பர் 12

நெல்லையில் தென்மண்டல அளவிலான காவல்துறைப் போட்டி. ஐந்து கிலோமீட்டர் வேகநடை. ஏழு பேர்.

நான் கேலரியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மகள் குண்டு எறிதலுக்கு வந்திருக்கிறாளாம், விருதுநகர்.

தொடங்கியது. இசக்கியம்மாள் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டாள். பியூலா கடைசிக்கு முந்தின இடம். இடுப்பு ஆடுகிறது, தோள் இறங்கியிருக்கிறது, தழும்பு வெயிலில் பளபளக்கிறது. நிற்கவில்லை. ஒரு சுற்றிலும் நிற்கவில்லை.

“உங்க ஆளு யாரு சார்?” என்று பெரியவர் கேட்டார்.

“அந்தா, கடைசிக்கு முந்தி வாறால்லா, அவதான்.”

“பரவால்ல சார். கலந்துக்கிட்டதே பெருசுதான்” என்று என் தோளைத் தட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. பரவாயில்லையா? எங்கே தொடங்குவது என்று தெரியாமல், முழங்கால் மடிப்பிலிருந்து தொடங்கினேன். தசை, ரத்தக்குழாய், பாலத்துக் கட்டைச் சுவர், சிக்னல் எல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் முதல் முறை குண்டு எறிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அப்போது மைதானத்தின் அந்த மூலையில் நின்ற நடுவர் பியூலாவுக்கு எதிரே மஞ்சள் அட்டையைத் தூக்கினார். முழங்கால் மடங்குகிறது என்று எச்சரிக்கை.

“அடப் பாவமே” என்றார் பெரியவர். “ஆபரேசன் பண்ண பிள்ளைன்னு அவருக்குத் தெரியாதா? யாராவது போய்ச் சொல்லுங்களேன்.”

“வேண்டாம் சார், உக்காருங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

பியூலா கோட்டைக் கடந்தாள். ஆறாவது. மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. தண்ணீர் கொடுக்க வந்த பெண்ணைத் தாண்டி, நேராக அந்த நடுவரிடம் போனாள். அவள் குரல் கேலரி வரைக்கும் கேட்டது.

“சார், என் முழங்கா எங்க மடங்குச்சு? காட்டுங்க. எந்தச் சுத்துல? இடதா, வலதா?”

“ரெண்டும்தாம்மா!” என்றார் நடுவர். “அவசரப்பட்டு மூணாஞ் சுத்துல மடக்கின. எனக்குக் கண்ணு தெரியும்.”

“மடக்கவே இல்ல சார்!”

“மடக்கின!”

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, இரண்டு காலிலும் சமமாக நின்று, என் மனைவி ஊர் பார்க்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நடுவரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் காலுக்கும் இரக்கம் காட்டாத அந்த மனிதருக்கு நான் வீட்டில் சமைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

பெரியவர் பதறிப்போய், “என்ன சார், சண்ட போடுறாங்க” என்றார்.

“ஆமா சார்” என்றேன். “ரெண்டு காலும் மடங்குச்சாம்.”